காலிப் புட்டி யாருடையது?

விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் அகழாய்வு தொடங்கியது. கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், பானை ஓடுகள் எனப் பல பொருட்கள் அங்கே கிடைத்தன. அவற்றுள் பெரும்பகுதி அக்கால மக்கள் உடைந்ததென்றும் உதவாததென்றும் ஒதுக்கியவையே. ஒரு சமூகம் பேணிக் காத்தவற்றை இலக்கியமும் கல்வெட்டும் சொல்கின்றன. கழித்துப் போட்டவற்றை மண் சொல்கிறது. இந்த இரண்டாவது வகைச் சான்றை நம் வரலாற்றெழுத்து அதிகம் பொருட்படுத்தியதில்லை. குப்பைக்கும் ஒரு வரலாறு உண்டு, அதற்குள் ஒரு சொத்துரிமைக் கணக்கு உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அதற்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிக எளியது: குடித்து முடித்த பானத்தின் காலிப் புட்டி.

நகரங்கள் பானம் விற்கும் நிறுவனங்களைப் பார்த்து, 'உங்கள் பிளாஸ்டிக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நெருக்கும் காலம் இது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 2024 ஜூனில் பெப்சிகோ, கோகோ கோலா முதலிய நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியும் அவ்விரு நிறுவனங்களுக்கு எதிராக நீதிமன்றம் சென்றது. இதைப் புதிய சண்டை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இது ஒரு பழைய உடன்படிக்கை முறிந்ததால் எழுந்த சண்டை. அந்த உடன்படிக்கை செழித்திருந்த ஊர்களுள் நம் விருதுநகரும் ஒன்று.

*

1916ஆம் ஆண்டு. ஊரின் பெயர் அப்போது விருதுபட்டி. விருதுநகர் என்ற பெயர் 1923இல்தான் வந்தது. பருத்தி, வத்தல், எண்ணெய், பருப்பு என்று சரக்குகள் வந்து குவிந்து பிரியும் வணிக ஊர். அங்கே பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் ஒரு சோடா கம்பெனியைத் தொடங்கினார். காளிமார்க் என்று இன்று தமிழ்நாடு முழுவதும் அறியப்படும் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. அதன் புகழ்பெற்ற பானமான பொவன்டோ 1958இல் வந்தது. வெள்ளைக்கார நாட்டுப் பானங்கள் வந்து பல உள்ளூர்ப் பெயர்களை விழுங்கிய பிறகும் இப்பெயர் நிலைத்து நின்றது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது மக்கள் கை நீட்டிக் கேட்டது இதைத்தான்.

அக்காலத்துச் சோடாவின் புட்டியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. புட்டியைத் தலைகீழாக வைத்து நிரப்பினால் வாயுவின் அழுத்தம் கோலியை வளையத்தோடு இறுக்கிவிடும். மூடி தேவையில்லை. இங்கிலாந்தில் அது என்றோ வழக்கொழிந்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் வாழ்கிறது. கோலி சோடா, பன்னீர் சோடா, வீட்டுக்கு வந்தவருக்கு வாங்கித் தரும் 'கலர்' என்று நம் விருந்தோம்பலிலேயே அதற்கு ஓர் இடம் உண்டு. கலவரங்களில் பறந்ததும் அதே புட்டிதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் புட்டி குடித்தவருடையதும் அன்று, கடைக்காரருடையதும் அன்று. அது சோடா கம்பெனிக்குச் சொந்தம். கடைக்காரர் புட்டிகளுக்கு டெபாசிட் கட்டியிருப்பார். காலிப் புட்டி எத்தனை, நிறைபுட்டி எத்தனை என்று வண்டி வரும்போது எண்ணிக் கணக்குப் பார்ப்பார்கள். குடிப்பவர் கடை வாசலில் நின்றே குடித்துவிட்டுப் புட்டியை மரப்பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் சென்றால் முன்பணம் கொடுக்க வேண்டும், அல்லது கடைக்காரருக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருந்த தண்ணீரையும் வாயுவையும்விடப் புட்டி விலை மிகுந்தது. ஆகவே அதைத் திரும்பப் பெறுவதில் கம்பெனிக்கே அக்கறை இருந்தது. நகராட்சி அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. குப்பைத்தொட்டிக்கு வந்தவை உடைந்த சில்லுகள் மட்டுமே.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. புட்டிகள் எப்போதும் நன்றாகக் கழுவப்பட்டன என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வெடித்த புட்டிகளால் கையும் கண்ணும் இழந்த தொழிலாளர்களும் உண்டு. நான் சுட்டுவது ஒன்றை மட்டுமே: காலிப் புட்டிக்கு ஓர் உரிமையாளர் இருந்தார்.

*

அந்த உரிமை கைமாறிய கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, திரும்பப் பெற வேண்டாத புட்டிகளும் தகர டப்பாக்களும் அங்கே பெருகின. காலிப் புட்டிகளைச் சேகரிப்பது, கழுவுவது, ஊர் ஊராகத் தொழிற்சாலை வைப்பது என்ற செலவுகளிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கு விடுதலை கிடைத்தது. சாலையோரங்களில் புட்டிகள் குவிந்தன. 1953இல் வெர்மான்ட் மாநிலம், மீண்டும் நிரப்ப முடியாத புட்டிகளில் பீர் விற்பதைத் தடை செய்தது. அதே ஆண்டில் பான நிறுவனங்களும் புட்டி, டப்பா செய்யும் நிறுவனங்களும் சேர்ந்து 'அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கின. குப்பை போடாதீர்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை சொல்வது அதன் பணி. வெர்மான்ட் சட்டம் 1957இல் காலாவதியானது. அறிவுரை நிலைத்தது. குப்பை என்பது செய்தவரின் பிரச்சினையாக இருந்தது போய், போட்டவரின் ஒழுக்கக்கேடாக மாறிய தருணம் இது என்று கொள்ளலாம்.

1971இல் ஆரிகன் மாநிலம் வேறு வழி கண்டது. எந்தப் புட்டியை வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து சென்ட் முன்பணம் வாங்குங்கள், காலியைக் கொண்டுவருவோருக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று சட்டமியற்றியது. நம் பெட்டிக்கடை வழக்கத்தை அவர்கள் சட்டமாக்கினார்கள் எனலாம். இரண்டே ஆண்டுகளில், 1973இல், நதானியேல் வையத் என்ற பொறியாளர் பெட் என்னும் பிளாஸ்டிக் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். எடை குறைவு, உடையாது, மலிவு. காலிப் புட்டியைத் திரும்பப் பெறுவதில் நிறுவனத்துக்கு இருந்த கடைசி அக்கறையும் அதோடு போயிற்று.

இந்தியாவில் இந்த மாற்றம் தாராளமயக் காலத்தில் விரைவு பெற்றது. 1993இல் கோகோ கோலா மீண்டும் இந்தியாவுக்குள் வந்து தம்ஸ் அப் முதலிய உள்நாட்டுப் பெயர்களை விலைக்கு வாங்கியது. தொடக்கத்தில் அந்நிறுவனங்களும் கண்ணாடிப் புட்டிகளையே பெட்டி பெட்டியாகச் சுழற்றின. அடுத்த இரு பத்தாண்டுகளில் பெட் புட்டி கடைகளை நிறைத்தது. போட்டியில் நிலைக்க விரும்பிய உள்ளூர் நிறுவனங்களுக்கும் வேறு வழியிருக்கவில்லை. கூடவே தண்ணீரும் பிளாஸ்டிக்குக்குள் புகுந்தது. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் தண்ணீர் பாக்கெட்டுக்குக் கிடைத்த வரவேற்பை விளக்க வேண்டியதில்லை. கையால் பிய்த்து, வாயில் பிழிந்து, நடந்துகொண்டே தூக்கி எறிவது அது. அதற்கு உரிமையாளர் இல்லை. அல்லது, அது விழுந்த இடத்து நகராட்சியே அதன் உரிமையாளர். ஊரைக் கேட்காமலே ஊரின் பெயருக்கு எழுதிவைக்கப்பட்ட சொத்து.

*

விற்பவரிடம் ஊர் ஒரு பங்கு கேட்கலாமா என்ற கேள்விக்கு விருதுநகரின் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. மகமை என்ற வழக்கத்தைத்தான் சொல்கிறேன். நாடார் உறவின்முறைகளில், வணிகர் தாம் வாங்கி விற்கும் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையைப் பொதுவுக்குச் செலுத்துவர். அந்தப் பணத்தில் பேட்டைகளும் கோவில்களும் கிணறுகளும், பின்னர் பள்ளிகளும் உருவாயின. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் நாளும் ஒரு பிடி அரிசி வாங்கி நடத்தப்பட்டது என்பது ஊரறிந்த செய்தி. மகமை சாதி எல்லைக்குள் நின்ற ஓர் ஏற்பாடு என்ற விமர்சனம் நியாயமானதே. ஆயினும் அதன் அடியிலிருந்த கருத்து கவனத்துக்குரியது. ஊரின் நடுவே கடை விரித்துப் பொருள் ஈட்டுபவர் ஊருக்குக் கடன்பட்டவர். அந்தக் கடன் நன்கொடையாக அவர் மனம்போல் தருவது அன்று, சரக்கின் அளவுக்கேற்ப எண்ணி வைப்பது.

இன்றைய சட்டமொழியில் 'உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' என்று சொல்லப்படுவது இதற்குத் தொலைவில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அதை வலியுறுத்தின. 2022இல் விரிவான நெறிமுறைகள் வந்தன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மகமை எந்த ஊரில் விற்றதோ அந்த ஊரிலேயே தங்கியது. புதிய ஏற்பாட்டில் ஒரு நிறுவனம் எங்கோ ஓரிடத்தில் மறுசுழற்சி நடந்ததற்கான சான்றிதழை வாங்கித் தன் கடமையை முடித்துக்கொள்ளலாம். சிவகாசித் தெருவில் கிடக்கும் புட்டிக்கும் அந்தச் சான்றிதழுக்கும் உறவில்லை.

*

தமிழகத்தில் ஓர் ஊர் உண்மையிலேயே பானம் விற்பவரை நெருக்கி வென்ற கதை நீலகிரியில் நடந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, அங்கே ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு 'ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்' என்ற பெயரில் பிளாஸ்டிக் ஒழிப்பைத் தொடங்கினார். 2019 ஆகஸ்டில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு அம்மாவட்டத்தில் தடை வந்தது. குடிநீர் வழங்கும் தானியங்கி இயந்திரங்கள் பல இடங்களில் வைக்கப்பட்டன. அதற்கும் அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. அங்கே நெருக்கப்பட்ட நிறுவனம் அரசின் சொந்த நிறுவனமான டாஸ்மாக்.

1983இல் நிறுவப்பட்டு, 2003 முதல் சில்லறை மதுவிற்பனையையும் முழுதாகத் தன் கையில் வைத்திருக்கும் டாஸ்மாக்கின் காலிப் புட்டிகள் மலைக்காடுகளில் உடைந்து கிடந்தன. யானைகளின் பாதங்களை அவை கிழிப்பதாக எழுந்த முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிமன்றத்தின் நெருக்குதலால் 2022 மே 15 முதல் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது. காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தருவது. பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட புட்டிகள் திரும்பி வரும் நிலை விரைவிலேயே உண்டாயிற்று. பின்னர் கோவை, பெரம்பலூர் என வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் படிப்படியாக விரிந்தது.

இது கண்ணாடிப் புட்டி, பிளாஸ்டிக் இல்லை என்று சிலர் கூறலாம். பொருள் வேறு, பாடம் ஒன்றே. மது அருந்துபவரைப் பற்றி நம் சமூகம் வைத்திருக்கும் மதிப்பீடு எல்லோரும் அறிந்தது. அவர்களுக்குப் பொதுப் பொறுப்பு கிடையாது என்பதே பலரின் முடிவு. அத்தகையோரிடமிருந்தும் பத்து ரூபாயால் புட்டியைத் திரும்பப் பெற முடிந்தது. விழிப்புணர்வுப் பேரணிகளாலும் சுவரெழுத்துகளாலும் பல்லாண்டுகளில் ஆகாத ஒன்று. அதேநேரம், காலிப் புட்டிகளை எண்ணி வாங்கி அடுக்கும் சுமை கடை ஊழியர்கள் தலையில் விழுந்ததையும் சொல்ல வேண்டும். ஆளும் இடமும் இல்லாமல் இதை எங்கள் மேல் ஏற்றுகிறீர்கள் என்று அவர்கள் எதிர்த்தது நியாயமே. பழைய சோடா கம்பெனியின் வண்டியும் பெட்டியும் எண்ணுகிற ஆளும் செய்த வேலைக்குக் கூலி உண்டு. அந்தக் கூலியைத் திட்டத்துக்குள்ளேயே வைக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படி வென்றுவிடவில்லை. மகாராஷ்டிர அரசு 2018இல் பால் பாக்கெட்டுக்கு ஐம்பது காசு முன்பணம் என்று அறிவித்தது. அது நடைமுறையில் வேரூன்றவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் குவளை உள்ளிட்ட பதினான்கு வகைப் பொருட்கள் தடை செய்யப்பட்டபோது பால் பாக்கெட்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன் 2013இல் அரசே ஒரு லிட்டர் பத்து ரூபாய் என்று 'அம்மா குடிநீர்' புட்டிகளை விற்கத் தொடங்கியதும் நினைவிருக்கலாம். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆவின் பாலைக் கண்ணாடிப் புட்டியில் தர இயலுமா என்று ஆராயச் சொன்னது. சென்னையில் ஒரு காலத்தில் பால் கண்ணாடிப் புட்டியில்தான் வந்தது என்பதைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். ஆனால் நாள்தோறும் பல லட்சம் லிட்டர் பாலைப் பாக்கெட்டில் விடியற்காலைக்குள் வீடு சேர்க்கும் அமைப்பு, கழுவுவதற்கான தண்ணீரையும் எடையையும் உடைசலையும் கணக்கிட்டுத் தயங்குவது புரிந்துகொள்ளக் கூடியதே. விற்பவரும் விதிப்பவரும் ஒருவரே ஆகும்போது நெருக்குவதற்கு மூன்றாவது ஒருவர் தேவைப்படுகிறார். தமிழகத்தில் அந்த இடத்தில் நின்றது பெரும்பாலும் நீதிமன்றம்.

*

இவ்விடத்தில் சிவகாசியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஏனெனில் இந்த வழக்கில் நாம் இரண்டு பக்கமும் நின்றவர்கள்.

1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரிலிருந்து தொடங்கும் சிவகாசியின் கதை, அச்சுத் தொழிலும் பட்டாசும் சேர்ந்து இந்தியா முழுவதும் பரந்தது. தொலைதூர நகரங்கள், 'உங்கள் பொருள் எங்கள் காற்றில் எதை விட்டுச் செல்கிறது?' என்று கேட்கத் தொடங்கின. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடுத்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. அதன்பின் ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. கூலிக்குப் போனவர்கள் வீட்டில் உலை எரியாத மாதங்கள் அவை. அப்போது நம் பகுதியில் எழுந்த குரல்கள் என்ன? வாகனப் புகையை விட்டுவிட்டு எங்களை மட்டும் கேட்பதேன்? வாங்கி வெடிப்பவருக்குப் பொறுப்பில்லையா? மாற்று என்னவென்று சொல்லாமல் தடுப்பது எப்படி? இந்தக் கேள்விகளை நாம் உரத்துக் கேட்டோம். இன்று பான நிறுவனங்கள் கேட்பதும் ஏறத்தாழ இவையே.

ஆகவே சிவகாசிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பார்வை வாய்த்திருக்கிறது. உற்பத்தி செய்பவரின் நெருக்கடி நமக்குத் தெரியும். ஒரே இரவில் வரும் தடை முதலாளியைவிடத் தொழிலாளியையே முதலில் தாக்கும் என்பதும் தெரியும். அதோடு இன்னொன்றும் தெரியும். நெருக்குதல் வந்த பிறகு வேதிக்கலவை மாறியது. மத்திய அரசின் நீரி ஆய்வகத்தோடு சேர்ந்து புதிய கலவைகள் வந்தன. அவற்றில் பல ஆலைகள் தொழிலைத் தொடர்ந்தன. முடியாது என்று சொல்லப்பட்டது ஓரளவு முடிந்தது. சரவெடி போயிற்று, அந்த இழப்பு உண்மை. ஆனால், நான் விற்றபின் அது என்ன ஆனாலும் எனக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் உரிமை பட்டாசுக்கு மறுக்கப்பட்டது. அந்த உரிமை பானத்துக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

பிளாஸ்டிக் புட்டியை நியாயப்படுத்துவோர் சொல்லும் ஒரு வாதத்தில் உண்மை உண்டு. பழைய இரும்புக் கடையில் பெட் புட்டிக்கு விலை இருக்கிறது; அதைப் பொறுக்கி விற்று வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் அது முழுவதும் தெருவில் தங்குவதில்லை. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தந்த மரபின் தொடர்ச்சி இது. ஆனால் புட்டியைப் பொறுக்குபவர் செய்வது நிறுவனத்தின் வேலையை; அதற்கு அவருக்குக் கிடைப்பது எடைக்கு எடை சில்லறை. கையுறையும் இல்லை, காப்பீடும் இல்லை. முன்பண முறை வந்தால் ஒவ்வொரு புட்டிக்கும் அறிவிக்கப்பட்ட ஒரு தொகை இருக்கும். அது அந்த உழைப்புக்கு வரும் முதல் நியாயமான விலையாக அமையலாம்.

இதெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவராது என்போருக்கு ஒரே ஒரு பொருளைக் காட்டலாம். அது நம் வீட்டுச் சமையலறைகளில் கவிழ்ந்து நிற்கும் இருபது லிட்டர் தண்ணீர் கேன். அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் எந்தச் சாக்கடையிலும் அது மிதந்து நாம் பார்த்ததில்லை. அதற்கு டெபாசிட் கட்டியிருக்கிறோம்; காலி கேனைக் கொடுத்தால்தான் அடுத்த கேன் வரும். சோடா கம்பெனியின் பழைய உடன்படிக்கை பிளாஸ்டிக்குக்குள்ளும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே பொருளைத் திட்டுவதைக் காட்டிலும் உரிமையைத் தீர்மானிப்பதே முதன்மையான வேலை. ஜெர்மனி 2003இல் ஒருமுறைப் புட்டிகளுக்கு முன்பணம் விதித்ததும், கோவா அரசு 2024இல் அத்தகைய திட்டத்தை அறிவிக்கை செய்ததும் இந்தத் தெளிவினால்தான்.

முன்பணத் திட்டம் எதற்கும் அடிப்படை ஒரு சிறு காகிதம். இந்தப் புட்டி திரும்பி வர வேண்டியது, இதற்கு இவ்வளவு தொகை என்று சொல்லும் லேபிள். தீப்பெட்டி லேபிளில் தொடங்கி நாடெங்கும் லேபிள் அச்சிட்டுக் கொடுத்த ஊர் சிவகாசி. 2021இல் அது மாநகராட்சியும் ஆகிவிட்டது. தன் எல்லைக்குள் விற்கப்படும் ஒவ்வொரு புட்டியிலும் அந்த ஒரு வரி இருக்க வேண்டும் என்று இங்கிருந்து ஒரு தீர்மானம் போனால், அது அச்சாவதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை.